பழைய பாட்டும் இன்றைய கேள்வியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சங்கப் பாடல்களை இன்றைய சமூகச் சிக்கல்களோடு சேர்த்துப் படிக்கலாம் என்று பத்துப் பேர் கூடினோம். மூன்றாவது கூட்டத்திலேயே பாட்டு காணாமல் போய் வெறும் வாக்குவாதம் ஆகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: தொடங்கிய இடத்தில். ‘இன்று சாதியைப் பற்றிப் பேசுவோம், தோதாக ஒரு பாட்டு எடுங்கள்’ என்று உட்கார்ந்தால் பாட்டு தொட்டுக்கொள்ள மட்டும்தான் பயன்படும். பாட்டு முன்னால் வரட்டும், சிக்கல் கடைசியில் வரட்டும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரே பாட்டு, அதுவும் 15 அடிக்குள். குறுந்தொகைப் பாட்டுகள் 4 முதல் 8 அடிதான். புறநானூற்றிலும் சின்னப் பாட்டுகள் நிறைய உண்டு. நீண்ட பாட்டுகளான பத்துப்பாட்டை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். முதல் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பது: ஒருவர் அச்சில் உள்ள சீர்ப்படி, இன்னொருவர் சந்தி பிரித்து. அடுத்த இருபது நிமிடம் வினைமுற்றைத் தேடுங்கள். சங்கப் பாட்டில் அது பெரும்பாலும் கடைசி அடியிலோ அதற்கு முந்திய அடியிலோ ஒளிந்திருக்கும். யார், என்ன செய்தார் என்பது பிடிபடாமல் நடக்கிற விவாதமெல்லாம் வீண். பிறகு கால் மணி நேரம்: யார் யாரிடம் பேசுகிறார்? திணை, துறைக் குறிப்பைப் பாருங்கள். அது பாட்டின் அங்கம் இல்லை, பிற்காலத்தார் சேர்த்தது. முதல் வாசகரின் கருத்து என்ற மரியாதை அதற்குப் போதும்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடுகிற வேலை. பாட்டில் வருகிற எல்லா மனிதர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள், உவமைக்குள் வருகிறவர்களையும் விடாமல். அரசன் பாட்டுடைத் தலைவனாக முன்னால் நிற்பான். உழைக்கிறவர்கள் உவமைக்குள் இருப்பார்கள். மிச்சமுள்ள நேரம் இன்றைய கேள்விக்கு. அதற்கும் ஒரே ஒரு விதி: கருத்துச் சொல்கிறவர் எந்த அடியிலிருந்து சொல்கிறார் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அடுத்தவர் பேசலாம்.

உரை இரண்டாவது இருக்கட்டும். புறநானூற்றுக்குக் கிடைக்கிற பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்திய பாட்டுகளுக்கு ஔவை துரைசாமிப்பிள்ளை போன்ற இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியர்கள்தான் துணை. இந்த எல்லையை மனத்தில் வையுங்கள், கீழே இன்னொரு கேள்வியில் உதவும்.

கேள்வி: அகதிகளைப் பற்றிய கூட்டம் ஒன்றுக்கு ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பதாகை எழுதப் போகிறோம். பொருத்தம்தானே?

பதில்: அடி பொருத்தம், பாட்டு அவ்வளவு எளிதாக இசையாது. புறநானூறு 192 மொத்தம் 13 அடி. நீங்கள் எழுதப்போவது முதல் அடி. இரண்டாவது அடி ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’. வீட்டின்மேல் குண்டு விழுந்து ஊரை விட்டு ஓடி வந்தவரிடம் ‘தீமை பிறரால் வருவதில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கொடுமையாக ஒலிக்கும்! மலையிலிருந்து கல்லில் மோதி இறங்குகிற பேராற்றில் நீர் போன போக்கில் போகும் புணைபோல உயிர் முறைவழியில் போகும் என்பது கணியன் பூங்குன்றனாரின் வாதம். ‘எல்லாரும் உறவு’ என்பது அந்த வாதத்தின் வாசற்படி. வரவேற்பு உரையாக அவர் அதைச் சொல்லவில்லை.

அதற்காகப் பதாகையைக் கைவிட வேண்டியதில்லை. அடிகள் பாட்டைவிட்டு வெளியே வந்து தனியாக வாழ்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஆனால் கூட்டத்தில் யாராவது இரண்டாவது அடியைச் சொல்லி மடக்கினால் விழிக்கக் கூடாது. எங்களைக் கேட்டால் கடைசி இரண்டு அடிதான் உங்களுக்குச் சரி: ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. அந்த ‘அதனினும்’ என்ற சொல்லைப் பாருங்கள். வியப்பது தவறு, இகழ்வது அதைவிடத் தவறு. பாட்டின் எடை முழுவதும் அங்கேதான் போய் உட்காருகிறது.

கேள்வி: புறநானூறு 82ஐ வகுப்பில் நடத்த வேண்டும். ‘இழிசினன்’ என்று வருகிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘தொழிலாளி’ என்று சொல்லிவிடலாமா?

பதில்: விடாதீர்கள். பாட்டின் சான்றே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஆறே அடி, முழுவதையும் தருகிறோம்:

சாறுதலைக் கொண்டெனப் பெண்ணீற் றுற்றெனப்
பட்ட மாரி ஞான்ற ஞாயிற்றுக்
கட்டில் நிணக்கும் இழிசினன் கையது
போழ்தூண்டு ஊசியின் விரைந்தன்று மாதோ
ஊர்கொள வந்த பொருநனொடு
ஆர்புனை தெரியல் நெடுந்தகை போரே.

பாட்டுடைத் தலைவன் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. பாடியவர் சாத்தந்தையார். அரசன் மல்லனோடு போர் செய்த வேகம் எப்படி இருந்தது? கட்டில் பின்னுகிறவன் கையில் வாரைக் கோக்கும் ஊசியின் வேகம்போல் இருந்தது. ‘போழ்’ என்றால் பிளந்து எடுத்த வார். அவனுக்கு ஏன் அத்தனை அவசரம்? ஊரில் விழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை கொட்டுகிறது. பொழுது சாய்கிறது. நான்கு நெருக்கடிகளை இரண்டே அடியில் அடுக்குகிறார் புலவர்.

மாணவர்களிடம் கரும்பலகையில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள்: அரசனைப் பற்றி நமக்குத் தெரிபவை, கட்டில் பின்னுகிறவனைப் பற்றித் தெரிபவை. அரசன் பக்கம் ஆத்தி மாலை, எதிராளி, போர். அவ்வளவுதான். மற்றவன் பக்கம் குடும்பம், வானிலை, வேலை, கருவி, கைப்பழக்கம், மனப்பதைப்பு. ஆறடியில் உயிரோடு இருக்கிற மனிதன் அவன் ஒருவன். அவனைத்தான் பாட்டு ‘இழிந்தவன்’ என்று அழைக்கிறது. கூர்ந்து பார்த்த கண்ணும் தாழ்த்திச் சொன்ன வாயும் ஒரே புலவருடையவை. சொல்லை மாற்றினால் இந்த முரண் மறைந்து, ‘அந்தக் காலத்தில் உழைப்பை மதித்தார்கள்’ என்ற பொய் மட்டும் மிஞ்சும். மனைவி வலியில் இருக்கும்போதும் அவன் ஏன் வேலையை விட்டு எழ முடியவில்லை என்ற கேள்வியை மாணவர்களே கேட்பார்கள், காத்திருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிக்க எந்த மாணவரையும் எழுப்பாதீர்கள். நீங்களே வாசியுங்கள், அது வசைச்சொல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு. அதை இன்றைய ஏதாவது ஒரு சாதிப் பெயரோடு ஒட்டவும் வேண்டாம். அதற்கான ஆதாரம் பாட்டில் இல்லை. அதே புலவர் 287ஆம் பாட்டில் பறை முழக்குகிறவனையும் ‘இழிசின’ என்று விளிக்கிறார். சொல் தொழிலோடு போகிறது என்பது வரைக்கும்தான் நாம் உறுதியாகப் போக முடியும்.

கேள்வி: மேடையில் ஒருவர் புறநானூறு 183ஐக் காட்டிச் சங்க காலத்தில் சமத்துவம் இருந்தது என்கிறார். இன்னொருவர் 335ஐக் காட்டி ஆதிக்குடிகள் யார் என்று நிறுவுகிறார். எதை நம்புவது?

பதில்: இருவரிடமும் ‘முழுப்பாட்டையும் படியுங்கள்’ என்று கேளுங்கள்.

183 கல்வியைப் பற்றியது. ‘வேற்றுமை தெரிந்த நாற்பா லுள்ளும் கீழ்ப்பால் ஒருவன் கற்பின் மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே’ என்று முடிகிறது. ‘ஒருவனும்’ என்பதில் உள்ள உம்மையை அழுத்திப் படியுங்கள். மேலே உள்ளவன்கூடக் கீழே உள்ளவனிடம் போவான் என்கிறது. ‘கூட’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் மேல் கீழ் உறுதியாக இருக்கிறது என்று பொருள். நாற்பாலை, அதாவது நான்கு வருணப் பிரிவை, மறுக்கிற பாட்டு இல்லை இது. படிப்பு அதைத் தாண்டவைக்கும் என்கிற பாட்டு. எழுதியவர் ஓர் அரசர், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். முதல் அடியை மேடையில் யாரும் சொல்வதில்லை: ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்’. ஆசிரியருக்கு மிக்க பொருள் கொடுத்துக் கற்க வேண்டுமாம். கீழ்ப்பால் ஒருவன் அந்தப் பொருளுக்கு எங்கே போவான்? கல்விக் கட்டணத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்களுக்கு முடிவைவிட இந்தத் தொடக்கம் அதிகம் கொடுக்கும்.

335இல் மாங்குடி கிழார் பூ நான்கு, உணவு நான்கு, குடி நான்கு என்று அடுக்குகிறார். ‘துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான் கல்லது குடியும் இல்லை’. கவனிக்க வேண்டியவை இரண்டு. பாட்டின் தொடக்கம் சிதைந்து கிடைத்திருக்கிறது. 266க்குப் பிந்தியது என்பதால் பழைய உரையும் இல்லை. பூ நான்குதான் என்பதை யாரும் தாவரக் கணக்கெடுப்பாக எடுப்பதில்லை. குடிக்கு வந்ததும் மட்டும் மக்கள்தொகைக் கணக்காக எடுக்கிறோம். ஒரு சீறூர் தன் உலகத்தைத் தனக்குப் போதுமானது என்று சொல்லும் குரல் அது. கல்லைத்தான் தொழுவோம், நெல் தூவித் தொழும் கடவுள் வேறு இல்லை என்று முடிகிறது. பின்னால் இழிவாக்கப்பட்ட பெயர் ஒன்று இங்கே பெருமிதமாக நிற்கிறது என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். அதற்குமேல் வரலாறு எழுத இந்த ஒரு பாட்டு தாங்காது.

கேள்வி: பூதப்பாண்டியன் தேவியின் பாட்டு உடன்கட்டை ஏறுவதைப் போற்றுகிறது. அதை வாசிப்பு வட்டத்தில் எடுக்கவே கூடாது என்கிறார் ஒரு தோழி. சரியா?

பதில்: கற்பின் பெருமை என்று நெடுங்காலம் மேடையில் முழங்கப்பட்ட பாட்டு என்பதால் அவருடைய கோபம் நியாயம். பாட்டை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புறநானூறு 246, மொத்தம் 15 அடி. கணவனுக்கு அதில் ஓரடிதான்: ‘பெருந்தோட் கணவன் மாய்ந்தென’. கைம்பெண்ணின் அன்றாடத்துக்கு ஆறு அடி.

அந்த ஆறடியில் என்ன இருக்கிறது? வெள்ளரி விதைபோல வெளுத்த நெய் தீண்டக் கூடாது. இலையில் கிடக்கும், கையால் பிழிந்த சோற்று உருண்டை. வெள்ளெள் அரைத்த விழுது, புளி ஊற்றி வேகவைத்த வேளைக் கீரை. பருக்கைக் கல்மேல் பாயில்லாத படுக்கை. ‘உயவற் பெண்டிரேம் அல்லேம்’, அப்படி வருந்திக் கிடக்கும் பெண்களில் நான் ஒருத்தி இல்லை என்கிறாள். தடுக்க வந்த சான்றோரைப் ‘பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே’ என்று வைகிறாள். தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றுதான் என்று முடிக்கிறாள்.

அரசிக்கே இருந்த தேர்வு இரண்டு: அந்த உணவு, அல்லது இந்தத் தீ. தடுத்த சான்றோர் உயிரைக் காப்பாற்ற நினைத்தார்கள். கல்படுக்கையை மாற்ற நினைத்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. இப்படி வாசித்தால் பாட்டு எதைப் போற்றுகிறது என்பதைவிட எதை அம்பலமாக்குகிறது என்பது தெரியும். பாடல் அவளுடைய முடிவைத் துணிவாகவே காட்டுகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். அந்தத் துணிவை வியந்துகொண்டே அது ஒரு பெண்ணுக்கு நேரக் கூடாத நிலை என்று சொல்ல முடியும்.

பக்கத்திலேயே 248ஐயும் வையுங்கள், ஒக்கூர் மாசாத்தனார் பாடிய ஐந்தடி. இளமையில் தழையாடையாக உடுத்த ஆம்பல், கணவன் இறந்த பிறகு வேளை தப்பி உண்ணும் புல்லரிசி ஆயிற்று என்கிறது. தீயும் இல்லை, சபதமும் இல்லை, ஒரு செடி மட்டும். 246ஐத் தனியாக எடுத்தால் கூட்டம் வீரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் பேச்சு தட்டுக்கும் படுக்கைக்கும் திரும்பும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வருகிறது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: கலித்தொகையில் ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து ‘இது தொல்லை கொடுப்பதுதானே, சார்?’ என்றாள். சிரித்துச் சமாளித்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: ‘ஆமாம், எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்டிருக்க வேண்டும். அவளிடம் சொல் இருக்கிறது. தலைவன் மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறான், கோதையைப் பிய்க்கிறான், பந்தைப் பறித்து ஓடுகிறான். தலைவியே ‘நோதக்க செய்யும் சிறுபட்டி’ என்கிறாள். தண்ணீர் கேட்டு வந்தவன் ‘வளைமுன்கை பற்றி நலிய’, அவள் பதறி அன்னையைக் கூவுகிறாள். ‘நலிய’ என்றால் வருத்த. மாணவி வெளியிலிருந்து எதையும் கொண்டு வரவில்லை.

பிறகு இரண்டாவது பாதி. அன்னை ஓடி வந்ததும் ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று பொய் சொல்லித் தலைவி அவனைக் காப்பாற்றுகிறாள். நடந்து முடிந்த பின், தோழியிடம், தானே சொல்கிற கதை இது. கடைசிச் சொல் ‘அக் கள்வன் மகன்’. திட்டும் கொஞ்சலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. பயம் ஒரு பத்தி, மகிழ்ச்சி ஒரு பத்தி என்று பலகையில் எழுதி, எந்த அடியில் மாறுகிறது என்று வகுப்பையே தேடவிடுங்கள். அன்னை வந்து நிற்கும் இடத்தில் மாறும். தலைவி கையில் அவன் மானம் வந்து சேர்கிற நொடி அது. இதே நிகழ்ச்சியை அவன் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று எழுதவும் சொல்லலாம், அரைப் பக்கம் போதும்.

வழக்கமாகக் கெடுவது இரண்டு விதத்தில். ‘அது காதல்மா, உனக்குப் புரியாது’ என்று ஆசிரியர் மூடிவிடுவார். அல்லது பாட்டைப் பாடத்திலிருந்தே நீக்க வேண்டும் என்று தீர்மானம் போடுவார்கள். இரண்டிலும் பாட்டு படிக்கப்படவில்லை. இந்தப் பாட்டு உள்ள குறிஞ்சிக்கலி கபிலர் பாடியது. பெண் பின்னால் மகிழ்ந்தாள் என்று முடித்தது ஓர் ஆண் புலவர். கையைப் பிடிக்கிற எவனுக்கும் அது சாக்கு ஆகாது என்பதை வகுப்பில் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திருக்குறளின் ‘பெய்யெனப் பெய்யும் மழை’ உவமைதான், பெண்ணடிமை இல்லை என்கிறார்களே?

பதில்: ‘பெய் என்றால் பெய்கிற மழையைப் போன்றவள்’ என்று கொள்ள இலக்கணம் இடம் தரும். உரையாசிரியர் பரிமேலழகர் அப்படிக் கொள்ளவில்லை, அவள் சொன்னால் மழை பெய்யும் என்கிறார். எப்படிக் கொண்டாலும் மாறுவது ஈற்றடி மட்டும். முதலடியில் ‘கொழுநன் தொழுதெழுவாள்’ அப்படியே இருக்கிறதே! ‘பிறப்பொக்கும்’ என்று எழுதிய நூலில்தான் இதுவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள், ஒன்றை வைத்து மற்றதைத் துடைக்காதீர்கள்.

கேள்வி: சிலப்பதிகாரத்தின் ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்ற அடியைக் காடழிப்புக்கு மேற்கோளாக எழுதலாமா?

பதில்: காடழிப்பை இளங்கோ சொன்னார் என்று எழுதாதீர்கள். காடுகாண் காதையில் மறையவன் ஒருவன் கோவலனுக்கு மதுரை வழி சொல்கிறான். வேனிலும் வெயிலும் சேர்ந்து முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகிற வேளையில் வந்திருக்கிறீர்கள் என்கிறான். பருவத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் எல்லாரும் வெட்டிவிடுகிற முந்திய அடிகளைப் பாருங்கள்: ‘கோத்தொழி லாளரொடு கொற்றவன் கோடி வேத்தியல் இழந்த வியல்நிலம் போல’. அதிகாரிகளும் அரசனும் கோணிப்போய் ஆட்சிமுறை கெட்ட நாட்டைப்போல நிலம் காய்ந்தது என்கிறான். உங்கள் கட்டுரைக்கு வேண்டியது இந்த உவமைதான். நீர்நிலையைப் பற்றி எழுதினால் புறநானூறு 18. குடபுலவியனார் பாண்டியனிடம் கருணையைக் கேட்கவில்லை. மறுமையோ வெற்றியோ புகழோ எது வேண்டுமானாலும் பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு, வானம் பார்த்த நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் அரசன் முயற்சிக்கு உதவாது என்று கணக்குப் பேசுகிறார். மனு எழுதுகிறவர்கள் பார்த்துக் கற்கலாம்.

கேள்வி: திருவள்ளுவர் இன்று இருந்தால் எந்தக் கட்சியில் இருப்பார்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் சங்க இலக்கியத்தில் எப்படி வருகிறார்கள்? ஒரு பாட்டு சொல்லுங்கள்.

பதில்: கலித்தொகை 94, மருதக்கலி. அரண்மனையில் வேலை செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் (குள்ளன்) ஒருவனும் காதல் பேசுகிறார்கள். பாதிக்குமேல் ஒருவர் உடலை மற்றவர் எள்ளும் பேச்சு, கேட்பவர் சிரிப்பதற்காகவே எழுதியது. அதனால் முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள், ஐந்தாறு பாட்டு படித்துப் பழகிய பிறகு எடுங்கள். பகுதி பிரித்து நடிக்கவைப்பது அறவே கூடாது. நச்சினார்க்கினியர் உரையோடு அமைதியாக வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

கூடவே தொல்காப்பிய அகத்திணையியலின் ஒரு நூற்பாவையும் வையுங்கள்: ‘அடியோர் பாங்கினும் வினைவலர் பாங்கினும் கடிவரை இலபுறத்து என்மனார் புலவர்’. அடிமைகளுக்கும் ஏவல் செய்வோருக்கும் காதல் உண்டு, ஆனால் ஐந்திணைக்குப் புறத்தே என்று உரையாசிரியர்கள் இதை விளக்குகிறார்கள். குறிஞ்சியில் தலைவனும் தலைவியும் பேசினால் அழகு, அரண்மனை ஏவலர் இருவர் பேசினால் நகைப்பு. உடலுக்காக மட்டும் அவர்கள் சிரிப்புக்கு ஆளாகவில்லை, வேலைக்காகவும் சேர்த்துத்தான் என்பது இந்த நூற்பாவைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். இனி நமக்குள் நாம் நகுவது வேண்டாம் என்று அரசன் அடிமேல் சத்தியம் செய்கிறான் அவன். அவளும் அடங்குகிறாள். அடுத்து அவள் கேட்பது ஒன்றுதான்: பேயும் பேயும் துள்ளுகின்றன என்று அரண்மனையில் பார்ப்பவர்கள் சிரிக்காமல் இருக்க வேண்டும், ‘கோயிலுட் கண்டார் நகாமை வேண்டுவல்’. அந்த அடிக்கு வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டு, அதுவரை பாட்டில் எங்கெங்கே சிரித்தோம் என்று ஒவ்வொருவரும் தம் தாளில் குறித்துக்கொள்ளட்டும்.